தொள்ளாயிரம் அறிவிப்பு, மூன்று கோடு

தான் எடுத்த காரியம் உருப்படும் என்பதில் மிளகுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. என்ன ஆதாரம் என்று கேட்டால் முறைப்பாள். ஆள் குள்ளம், குரல் சின்னது, பேச்சில் மட்டும் காரம் தூக்கல். வகுப்பில் அந்தப் பெயர் விழுந்தது அதனால்தான். அவளோடு ஒட்டிக்கொண்டே திரிகிறவள் பிராக்கெட். எவ்வளவு பெரிய புரோகிராமைக் கொடுத்தாலும் எந்த வரியில் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்துவிடுவாள். மிளகு முதலில் பாய்வாள், பிராக்கெட் பின்னால் வந்து என்ன உடைந்திருக்கிறது என்று பார்ப்பாள். மூன்று வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வருடத்துப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். வருகைப் பதிவு, நூலகப் பதிவு, ஆஸ்பத்திரி டோக்கன் என்று அதே மூன்றைத்தான் வருடா வருடம் சட்டையை மாற்றி அழைத்துவருவார்கள். மிளகுக்கு அதெல்லாம் கேட்டாலே கொட்டாவி வரும். எழுத்தைக் கொடுத்தால் படம் வரைகிற புரோகிராம் எழுதப்போவதாக அறிவித்தாள். படம் என்றால் பூவோ முகமோ மலையோ இல்லை, வெறும் கோடும் வண்ணமும். அதனால் யாருக்கு என்ன உபயோகம் என்று கைடு மேடம் கேட்டார். “பாக்கறதுக்குத்தான் மேடம்” என்றாள் மிளகு. மேடம் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

யோசனை எளிமையானதுதான். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கோடு. வாக்கியத்தில் எத்தனை சொல்லோ அவ்வளவு நீளம். எந்த எழுத்து அதிகமோ அதற்கேற்ற நிறம். கேள்வி கேட்டால் கோடு வளையும். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத அந்தக் காகிதம், அதைப் போட்டுப் பார்த்தார்கள். பச்சையும் ஊதாவுமாகப் பின்னிப் பிணைந்து ஒரு படம் வந்தது பாருங்கள், துறைத்தலைவரே வாங்கிக்கொண்டுபோய் அறையில் மாட்டிவிட்டார். கல்லூரி விதிமுறைப் புத்தகம் ஒரு படம் ஆனது. பிராக்கெட்டின் அண்ணன், வாடகை வீட்டின் சொந்தக்காரருக்கு எழுதிய புகார்க் கடிதம் ஒரு படம் ஆனது. அதில் வளைந்த கோடுகளே அதிகம், மனுஷன் அத்தனை கேள்வி கேட்டிருந்தார். மிளகுக்குத் தலைகால் புரியவில்லை.

எழுத்தைப் படமாக்குவதற்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும் என்பது முதல் வருடத்திலிருந்தே அவர்கள் மண்டையில் ஏற்றியிருந்த பாடம். எண்களைத் தூக்கு, அடிக்கடி வரும் சொற்களைத் தூக்கு, ஒரே வரி இரண்டு முறை வந்தால் ஒன்றை விட்டு மற்றதைத் தூக்கு. மார்க் பட்டியலில் இதற்கென்றே பதினைந்து மார்க் தனியாக உண்டு. இந்தப் பகுதியை மிளகு முதல் வாரமே எழுதி முடித்து, வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மிளகின் அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. கடையில் நின்று சோப்பு கேட்டால் கடைக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார், எங்கேயோ கேட்ட குரலாயிற்றே என்று. சாப்பிடும்போது அன்றைய கதை ஒன்று கட்டாயம் உண்டு. தவறான வண்டியில் ஏறித் தூங்கிப்போன கணக்கு வாத்தியார், மேடையிலேயே சண்டை போட்டு மேடையிலேயே சமாதானமான புருஷன் பெண்டாட்டி, இப்படி ஏதாவது. அப்பா தையல்காரர். கதை கேட்டுக்கொண்டே பட்டன் துளைக்குக் காஜா எடுப்பார், அளவு மட்டும் தப்பாது.

“உன் பேச்சைப் படமா வரைஞ்சு காட்டறேன்மா” என்று மிளகு வாக்குக் கொடுத்திருந்தாள். அம்மாவுக்கு உள்ளூர ஆசைதான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நிலைய மேலாளரிடம் அனுமதியும் கேட்டு வைத்திருந்தாள். ஊரே கேட்டதுதானே, இதில் என்ன ரகசியம் என்று அவர் சிரித்தாராம். அம்மா எந்த வரியைப் படிப்பதானாலும் முதலில் கணினியில் தட்டுவாள். அது மேடைகளில் தொங்கும் விளக்குப் பலகையில் ஓடும். பிறகு மைக்கை அழுத்திப் படிப்பாள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்த வரி நேரத்தோடு பதிவாகிவிடும். ஒரு நாள் முழுக்கப் பதிவான ஃபைலை பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து, ஏதோ பலகாரப் பொட்டலம் போல மகள் கையில் கொடுத்தாள்.

அம்மாவின் விடுமுறை நாளில், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மிளகு பட்டனைத் தட்டினாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் வரி உள்ளே போனது. வெள்ளைத் திரையில் மூன்று கோடுகள் வந்தன. ஒரு நீலம், ஒரு சாம்பல், ஒரு குட்டிச் சிவப்பு. அவ்வளவுதான். மிளகு இன்னொரு முறை தட்டினாள். அதே மூன்று.

“நூல் பிரிஞ்ச மாதிரி அழகா இருக்கே” என்று அப்பா சமாளித்தார்.

அம்மா கோபப்பட்டிருந்தால் மிளகு பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள், கேலி செய்திருந்தால் தானும் சிரித்திருப்பாள். அம்மா இரண்டும் செய்யவில்லை.

“சரியாத்தான்டி வரைஞ்சிருக்கு. பத்தொன்பது வருஷமா இந்த மூணைத்தானே சொல்லிட்டு இருக்கேன்.”

சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். மிளகின் முகம் சுண்டிப்போனது. புரோகிராமில் ஏதோ கோளாறு, சரிசெய்துவிடுவேன் என்று பின்னாலேயே போய்ச் சொன்னாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. துறைத்தலைவர் அறையில் படம் மாட்டுகிற அளவுக்கு நல்ல புரோகிராம், தன் விஷயத்தில் மட்டும் எப்படித் தப்பாக இருக்கும் என்பது அவள் கணக்கு. மகளின் திறமை மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுதான் மிளகுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டில் கதை நின்றது. இன்றைக்கு என்ன விசேஷம் என்று அப்பா எடுத்துக்கொடுத்தால், “என்ன விசேஷம், அதே வண்டி, அதே மேடை” என்று அம்மா எழுந்து தட்டைக் கழுவப் போய்விடுவாள். நாலு நாள், ஐந்து நாள், ஒரு வாரம். மிளகுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் வேலை மூன்று கோடு என்று தீர்ப்புச் சொன்னது தான் எழுதிய புரோகிராம். அந்தத் தீர்ப்பு பொய் என்று அம்மா தன் கண்ணாலேயே பார்க்கிறவரைக்கும் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆய்வகத்தில் பிராக்கெட் அந்த ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டினாள். 12ஆம் எண் வண்டி 3ஆம் மேடையில் நிற்கிறது, பயணிகள் ஏறிக்கொள்ளவும். 7ஆம் எண் வண்டி 5ஆம் மேடையில் நிற்கிறது, பயணிகள் ஏறிக்கொள்ளவும். எண்ணை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே வரி. ஒரே வரி என்றால் ஒன்றை விட்டு மற்றதெல்லாம் குப்பை. மேடைகளில் புகைபிடிக்க வேண்டாம் என்பது ஒன்று, உடைமைகளைப் பார்த்துக்கொள்ளவும் என்பது ஒன்று. ஆக மூன்று.

“நீ இதைப் படிக்கவே இல்லையா?” என்று கேட்டாள் பிராக்கெட்.

“சுத்தம் பண்ணிட்டு அப்புறமா படிக்கலாம்னு இருந்தேன்.”

இந்த அழகான பதிலைக் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளால்தான் சொல்ல முடியும். வேறு யாராவது ஒரு கடிதம் வந்தால் பிரித்துப் படிப்பார்கள். இவர்கள் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

சுத்தம் செய்கிற பகுதியை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று மிளகு ஒற்றைக்காலில் நின்றாள். கைடு மேடம் கெட்டவர் இல்லை. பட்டியலைக் காட்டி நிதானமாகத்தான் சொன்னார். அந்தப் பகுதி இல்லையென்றால் பதினைந்து மார்க்கும் போகும், வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் இதில் கண்டிப்பானவர், போன வருடம் ஒருவன் அழுதுகொண்டே வெளியே வந்தான். வேண்டுமானால் அம்மாவுக்குத் தனியாக ஒன்று வரைந்து கொடுத்துக்கொள், தேர்வுக்கு இதையே காட்டு என்றார். அப்படிச் செய்தால் வீட்டுக்கு ஒரு பொய், கல்லூரிக்கு ஒரு உண்மை என்றல்லவா ஆகும் என்று மிளகு கேட்டாள். மேடம் மறுபடி பெருமூச்சு விட்டார்.

பதினைந்து மார்க்கில் பிராக்கெட்டுக்கும் பங்கு உண்டு. அவளுக்கு மார்க் என்றால் உயிர். ஆகவே மிளகு அவளை அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை, நீயே சொல் என்று விட்டுவிட்டாள். நான் முதலில் ஆன்ட்டி வேலை செய்கிற இடத்தைப் பார்க்கிறேன் என்றாள் பிராக்கெட்.

அறிவிப்பு அறை, நிலையத்தின் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு நாற்காலி, ஒரு கணினி, வாய் கட்டியதுபோல் பஞ்சு சுற்றிய மைக், சத்தம் வரும் என்பதால் எப்போதும் நிறுத்தியே வைத்திருக்கும் மின்விசிறி. கீழே பத்து மேடைகளும் தெரியும். அம்மா மைக்கை அழுத்தினாள். வீட்டில் கேட்காத ஒரு குரல் வந்தது, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக. படித்து முடித்துக் கையை எடுத்தாள், ஒரு மூச்சு விட்டாள், மறுபடி அழுத்தி அதையே படித்தாள். எல்லா அறிவிப்பும் இரண்டு முறை. ஏன் என்று பிராக்கெட் கேட்டாள்.

“முதல் தடவை சொல்றப்போ தலையைத் தூக்குவாங்கம்மா. ரெண்டாவது தடவைதான் கேப்பாங்க.”

பிராக்கெட் கண்ணாடிக்குக் கீழே பார்த்தாள். அடுத்த அறிவிப்பில் முதல் தடவைக்குத் தலைகள் நிமிர்ந்தன. இரண்டாவது தடவைக்குக் கால்கள் நடந்தன. மூன்று அறிவிப்பு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆய்வகத்துக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுத்தம் செய்கிற பகுதி முழுவதையும் தானே தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே அழித்தாள். நூற்றுப் பதினெட்டு வரி. மிளகுக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

அழித்துவிட்டால் போதுமா? முதல் படம் கன்னங்கரேலென்று வந்தது. ஒரே மாதிரிக் கோடு நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வேறென்ன ஆகும், அடிப்பிடித்த பாத்திரம்தான். மூன்று வாரம் மாய்ந்தார்கள். கடைசியில் ஒவ்வொரு கோட்டையும் தண்ணீர் கலந்த மை போல மெல்லியதாக்கினார்கள். இரண்டாவது தடவை சொன்னது முதலாவதன் மேல் ஒரு மயிரிழை தள்ளி விழும். அப்போது இரண்டும் தெரியும், சேர்கிற இடம் மட்டும் அழுத்தமாகும். பதிவான நேரம் இடமிருந்து வலமாக ஓடும். வீசியெறிந்த எண்களை மரியாதையாகத் திரும்பக் கூப்பிட்டார்கள்: எத்தனையாவது மேடையோ, படத்தில் கீழிருந்து அத்தனையாவது வரிசை. அறிக்கையில் ‘சுத்தம் செய்தல்’ என்ற தலைப்புக்குக் கீழே மிளகு ஒரே வரி எழுதினாள்: ‘செய்யப்படவில்லை. குப்பை எதுவும் இல்லை.’

தேர்வு நாளில் அந்தத் துறையில் ஒரு வழக்கம். மாணவர்கள் தாங்களே ஒத்திகை பார்த்து வைத்த ஃபைலைக் காட்டக் கூடாது. வெளியாள் ஒருவர் புதிதாக ஒன்று கொண்டுவர வேண்டும், அது தேர்வாளர் கண்முன்னால் ஓட வேண்டும். மிளகு அம்மாவைத்தான் கூப்பிட்டாள். தேர்வுக்கு முந்தின நாள் ஃபைல் வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்காதே, நீயே கொண்டு வா என்றாள். அம்மா மழுப்பினாள். மறுபடி அந்த மூன்று கோட்டைப் பார்க்க நான் ஏன் அரை நாள் லீவு போட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாள். மிளகுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை, அப்பாவைத் தூது அனுப்பி, தானும் நச்சரித்து, வரவைத்துவிட்டாள்.

தேர்வாளர் மெலிந்த மனிதர், சட்டைப்பையில் நாலு பேனா. அறிக்கையைப் புரட்டியவர் அந்த ஒரு வரியில் நின்றார். எழுத்திலிருந்து எதையெல்லாம் நீக்கினீர்கள் என்று கேட்டார்.

“எதையும் நீக்கல சார்” என்றாள் மிளகு.

அவர் பட்டியலில் பதினைந்துக்கு நேரே நிதானமாக ஒரு பூஜ்யம் போட்டார். கைடு மேடம் கூரையைப் பார்த்தார். பிராக்கெட் தலை குனியவில்லை. மிளகு அம்மாவிடம் பென் டிரைவை வாங்கிச் செருகிப் பட்டனைத் தட்டினாள்.

படம் இடது ஓரத்திலிருந்து வளர ஆரம்பித்தது. முதலில் கீழ் வரிசைகளில் மட்டும் இரண்டிரண்டாக மெல்லிய நீலம். பிறகு பத்து வரிசைகளும் நிரம்பி, சாம்பலும் நீலமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, அங்கங்கே சிவப்புத் துளிர்த்து, அடர்ந்து, மெலிந்து, மறுபடி அடர்ந்து ஓடியது. மிளகு திரையைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சின் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்தாள். யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இது காலைல ஆறு மணி. முதல் மூணு மேடை மட்டும்தான் அப்போ” என்றாள், யாரிடம் என்றில்லாமல். விரல் வலப்பக்கம் நகர்ந்தது. இது ஆபீஸ் கூட்டம், இது நாலாம் மேடையில் வண்டி பழுதாகி ஆறாம் மேடைக்கு மாற்றியது, இந்தக் காலி இடம், தான் சாப்பிடப் போன நேரம், பதினேழு நிமிடம்தான், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகம் படிப்பது போலப் படித்துக்கொண்டே போனாள்.

தேர்வாளர் பேனாவின் பின்பக்கத்தால் எட்டாவது வரிசையைச் சுட்டினார். நடுவில் ஓர் இடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, படத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கறுத்து, கெட்டியாக ஒரு முடிச்சு விழுந்திருந்தது. மற்றதெல்லாம் சரி, இங்கே புரோகிராம் மாட்டிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறது போலிருக்கிறதே என்றார். அந்த ஃபைலை மிளகு பார்த்ததில்லை. பிராக்கெட்டைப் பார்த்தாள். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“மாட்டிக்கல சார். அது நான் சொன்னதுதான். நாப்பத்தோரு தடவை சொன்னேன்” என்றாள் அம்மா.

நேற்றுப் பதினோரு மணிக்கு ஒரு பெரியம்மா கூண்டுக்கு ஏறி வந்தாளாம். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவர் திரும்பவில்லை. ஏற வேண்டிய வண்டியும் போய்விட்டது. வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் குடை, எழுபது வயது, எட்டாம் மேடையில் உங்கள் மனைவி காத்திருக்கிறார். வண்டி அறிவிப்புகளுக்கு நடுநடுவே அம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்க வேண்டிய கதை. சொல்லவில்லை.

நாற்பத்தோரு தடவை கேட்டும் அவருக்குப் புரியவில்லையா என்றார் தேர்வாளர்.

“அவருக்குக் காது கேக்காது சார். அந்தம்மா முதல்லயே சொல்லிட்டாங்க. நான் அவருக்குச் சொல்லல. அவர் பக்கத்துல நிக்கறவங்களுக்குச் சொன்னேன்.”

கைடு மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேர்வாளர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடி, ஆள் கிடைத்தாரா என்று கேட்டார். டீ ஆற்றுகிற ஒருவர் அவர் கையைப் பிடித்து எட்டாம் மேடைவரை கொண்டுவந்து விட்டதாக அம்மா சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மாறி, அந்தக் கண்ணாடிக் கூண்டுக் குரலாகவே ஆகிவிட்டது.

பூஜ்யத்தைத் தேர்வாளர் மாற்றவில்லை. பட்டியல் பட்டியல்தான், அதற்கு அவர் பொறுப்பில்லை. மற்ற எண்பத்தைந்துக்கு எண்பத்து மூன்று போட்டார். அந்த இரண்டு எங்கே போனது என்று பிராக்கெட் மாடிப்படி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தாள். மிளகு அம்மாவின் கைப்பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கடைசிப் படியில் அம்மா நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை ஃபைலையும் எடுத்துட்டு வரேன்டி. அன்னைக்குக் கூட்டமே வேற மாதிரி இருக்கும்.”